நடுவில் நிற்கும் குரல்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அதனால் அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். என் மருமகளின் அப்பா, என் சம்பந்தி.

காலமெல்லாம் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர். அந்தச் சத்தம் அவருடைய இடது காதை வாங்கிக்கொண்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா குறை சொல்ல வாயெடுத்தால், இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் பழைய சாமான் கடைகளில் அலைந்தார். கண்ணாடி வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிபையர், ரெக்கார்டு பிளேயர், இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஸ்பீக்கருக்குள் கிழிந்த காகிதக் கூம்புகளை ஒட்டினார். இற்றுப்போன ஒயர்களை மாற்றினார். சாயங்காலம் விளக்கைப் போடாமல் ஆம்ப்ளிபையரை மட்டும் போடுவார். வால்வுகள் மெல்லச் சிவக்கும். அறையே தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருக்கும்.

பாட்டுதான் சரியில்லை. அவர் ஒவ்வொரு பெட்டியிலும் வலது காதை ஒட்டிக் கேட்பார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. வந்து உட்கார்ந்து கேட்டவர்களோ முகத்தைச் சுளித்தார்கள்.

பிரசவம் முடிந்து அவர் மகள் குழந்தையோடு அந்த அறையில்தான் தங்க வேண்டும். "ஒழுங்கா பாடினா இருக்கட்டும்ப்பா. இல்லன்னா நாங்க வர்றதுக்குள்ள கடைக்கே அனுப்பிடுங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லிவிட்டாள். அவள் வருவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, உங்க ரெண்டு காதையும் கொஞ்சம் கடன் குடுங்க."

பெட்டிகளுக்கு எதிரே நடுவாக நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். முள்ளை இறக்கினார். ஒரு பெண் பாடினாள்.

"பாட்டுக்காரி எங்க நிக்கிறா?"

"எங்கயும் நிக்கல சம்பந்தி. ரெண்டு பக்கமும் பிச்சுக்கிட்டு ஓடுறா."

பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பெட்டியில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிப் பூட்டியிருக்கிறாராம். ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறதாம். ஒற்றைக் காதோடு பெட்டி பெட்டியாகக் கேட்பவருக்கு அது எப்படிப் பிடிபடும்?

அணைத்து, ஒயரை மாற்றிப் பூட்டி, மறுபடி முள்ளை இறக்கினார்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே வெறும் சுவர். அங்கே பாட்டுக்காரி வந்து நின்றாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நான் கை காட்டினேன். அவர் அங்கே போய் நின்று காற்றைத் தொட்டார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆங், போதும். அவ மேலயே நிக்கிறீங்க. சம்பந்தியம்மா பாத்தா தொலைஞ்சீங்க."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இது கேக்காது. நிஜமாவே இருக்குல்ல?"

"இருக்கு சம்பந்தி."

மறுநாள் மருமகள் வந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டாள். எழுந்து குழந்தையின் துணிமணிகளை ஸ்பீக்கர் பெட்டி மேலேயே அடுக்க ஆரம்பித்தாள். சம்பந்தி நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொட்டிலைப் போட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்தார். பேத்தி வாயைத் திறந்தபடி தூங்கினாள்.