சந்தனமாரி ஒட்டிய அம்புகள்

இட்லியைத் தட்டிலிருந்து எடுத்து, குழல்விளக்குக்கு நேராகச் சற்றுச் சாய்த்து, ஒருமுறை திருப்பிப் பார்த்த பிறகுதான் சந்தனமாரி பிட்டு வாயில் போடுவாள். தம்ளர், சோப்பு, புதுச் செருப்பு, யாராவது நீட்டும் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். வடக்குப்பட்டில் அவள் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பாப்பம்மாளுக்கு மூன்று வருடமாகியும் இது பழகவில்லை.

"இன்னாத்துக்கு மே தெனமும் இட்லிய லைட்டாண்ட காட்டிக்கினு கீற? உள்ள கொயந்த கீதான்னு பாக்குறியா?"

சந்தனமாரி இட்லியின் ஓரத்தில் ஒரு சிறு குழி இருந்ததை மனதில் குறித்துக்கொண்டு சாப்பிட்டு முடிப்பாள்.

ஒரகடத்தில், கார் முகப்பு விளக்குக்கு மேல்மூடி செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குக் குறை பார்க்கும் வேலை. கையில் வெள்ளை உறை, தலைக்கு மேல் நான்கு விளக்குகள், ஒரு மூடிக்குப் பன்னிரண்டு நொடி. கீறலோ குமிழியோ கரும்புள்ளியோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தனிப் பெட்டியில் போட வேண்டும். ஒட்டிய அம்பை ஒட்டியவளே உரிக்கக்கூடாது. மேலே உள்ளவர் பார்த்து முடிவு சொல்லும்வரை அது அங்கேயே இருக்கும். உரித்தால் மெமோ.

இன்னொரு சட்டமும் உண்டு. மெஷின் ஓட்டியவர், தான் ஓட்டிய பீஸைத் தானே பாஸ் பண்ணக்கூடாது. ஆள் வராத ஒரு நாளில் காலை மெஷினும் மதியம் சோதனை மேசையும் சந்தனமாரிக்கே வந்தன. காலையில் தான் ஓட்டிய இருநூறு மூடிகளையும் ஓரமாக அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் ஸ்ரீதர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ ஓட்டுனா இன்னா, எவன் ஓட்டுனா இன்னா? பாக்குற கண்ணு உன்துதானே?"

"கண்ணு ஏங்கண்ணுதான் சார். அதான் பயமாருக்கு."

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். போகவர ஐம்பது நிமிடக் கம்பெனி பஸ் பயணத்தில், மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கும்போது, கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி இரண்டு வருடத்தில் ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டாள். விடுதியின் ஆறாம் நம்பர் அறையில் அவளோடு இருக்கும் பன்னிரண்டு பேரைப் பற்றியது. அவர்களுக்கும் அது தெரியும். தங்களில் யாரை அழகாக எழுதியிருக்கிறாள் என்பதில் அறைக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன.

எழுதியதை அச்செடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, மூடிகளைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். சரிசெய்யத் தெரிந்ததைச் சரிசெய்தாள். தெரியாத இடங்களில் அம்பு ஒட்டினாள். கம்பெனி ஸ்டிக்கரைத் தொடவில்லை. படப்பைக் கடைகளில் அலைந்து அதே சிவப்பில் வாங்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு முந்நூற்றுப் பத்து அம்புகள். அந்தக் கட்டை அப்படியே ஒரு சென்னைப் பதிப்பகத்துக்குக் கூரியரில் அனுப்பப் போனபோது அறைத்தோழி முத்துச்செல்வி வாசலில் மறித்தாள்.

"ஏட்டி, பொண்ணு பாக்க வர்றப்பம் மூஞ்சில இருக்க பருவுக்கெல்லாம் அம்பு ஒட்டிட்டா உக்காருவ? உரிச்சிட்டு அனுப்பு."

"உரிச்சா மெமோ குடுப்பாக."

"ஆரு?"

யார் என்று சந்தனமாரிக்கே தெரியவில்லை. அம்போடுதான் போனது.

பதினோரு வாரம் கழித்து, கேன்டீனில் சாம்பார் சாதத்தைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பதிப்பகத்தில் பிரதிகளைத் திருத்தும் சுபஸ்ரீ.

"அம்பு ஒட்டியிருக்கீங்களே, அதுல பாதி இடம் நல்லாத்தாங்க இருக்கு. நீங்க ஒட்டாம விட்ட இடத்துலதான் கொஞ்சம் வேலை இருக்கு."

"அப்பம் ரிஜெக்ட் இல்லையா மேடம்?"

"இல்ல, நாங்க போடறோம். ஆனா எங்ககிட்ட வரிசை நீளம். வர்ற ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு முடியாது, அதுக்கடுத்த ஜனவரிதான். பதினஞ்சாம் தேதிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாதம் ஆறிய பிறகுதான் கணக்குப் புரிந்தது. ஆறாம் நம்பர் அறைக்காரிகள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். மூன்று வருட ஒப்பந்தம் வரும் மார்ச்சோடு முடிகிறது. அதன்பிறகு ஒருத்தி திருப்பூர், ஒருத்தி ஓசூர், மூன்று பேருக்குக் கல்யாணம், மற்றவர்கள் எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. புத்தகம் வரும்போது அதில் உள்ளவர்களில் ஒருவர்கூட இங்கே இருக்கமாட்டார்கள்.

மற்றொரு வழி படப்பை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. முனிரத்தினம் அச்சகம். மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புத்தகம்; பலகையின் அடியில் புதிதாக, ‘நூல்களும் அச்சிட்டுத் தரப்படும்.’

"இருவது நாள்ல கைல குடுத்துடறேன்மா. அட்டைல உன் போட்டோ, சுத்தி ரோஜாப்பூ பார்டர். ஜோரா இருக்கும்."

"நீங்க படிச்சுப் பாப்பீங்களாண்ணே?"

"நான் இன்னாத்துக்குப் படிக்கணும்? நீதானே எயுதுன?"

அந்தப் பதில்தான் அவளை உறுத்தியது. பதிப்பகத்தில் இன்னொரு கண் இருந்தது. ஆனால் காலம் இல்லை. இங்கே காலம் இருந்தது, கண் இல்லை. பத்து நாட்கள் இட்லியைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சாப்பிட்டாள். பாப்பம்மாள் பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அறையில் ஆளுக்கொரு தீர்ப்பு.

"பெரிய எடத்துல வந்தாத்தாம்டி மதிப்பு" என்றாள் சுகப்பிரியா. "முனிரத்தினம் போட்டாருன்னா சடங்குப் பத்திரிகைன்னு நெனச்சு மொய் எழுதிருவாக."

"ஒரு வருசங் கழிச்சு வந்தா எனக்கு ஆரு கொண்டாந்து குடுப்பா?" என்றாள் முத்துச்செல்வி. "நீயா? நான் எங்க கெடக்கேன்னு ஒனக்குத் தெரியுமா? போன் நம்பரே ரெண்டு மட்டம் மாறியிருக்கும்."

பதினைந்தாம் தேதி, ஷிப்டுக்கு முன்னால், பஸ்ஸுக்கு நின்றபடியே சுபஸ்ரீயை அழைத்தாள்.

"மேடம், இது இங்க உள்ளவுகளப் பத்துன பொஸ்தகம். மார்ச்சோட ஆளுக்கொரு பக்கம் போயிருவோம். அதுக்குள்ள அவுக கைல குடுக்கணும். தப்பா நெனச்சுக்கிடாதீக."

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"வருத்தந்தான்" என்றாள் சுபஸ்ரீ. "சரி, பிரதியத் திருப்பி அனுப்பறேன். ஒரு நாலு இடத்துல நானும் அம்பு ஒட்டியிருக்கேன். பாத்துட்டு அச்சுக்குக் குடுங்க."

அந்த நான்கு இடங்களையும் சரிசெய்ய அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. நான்கும் பளிச்சென்று தெரிகிற குறைகள். எப்படிக் கண்ணில் படாமல் போயின என்று பஸ்ஸில் தனக்குள் முனகிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு. மெய்ப்புப் பிரதியை முனிரத்தினம் மேசைமேல் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ‘பார்த்துச் சரி என்றேன், அச்சிடலாம்’ என்று ஒரு ரப்பர் முத்திரை. அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போடு. அப்பால வந்து மாப்ள பேரு மாறிப்பூட்ச்சுன்னு என்னாண்ட நிக்கக்கூடாது."

சந்தனமாரி பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

"எழுதுனது நான். நானே எப்பிடிண்ணே போட?"

"எயுதறவங்கதாம்மா போடுவாங்க. உலகமே அப்டித்தான்."

பின்னால் கண்ணீர் அஞ்சலிக்காக நின்றவர் செருமினார். "யம்மா, கொஞ்சம் சீக்கிரம். பெரியவர எடுத்துடப் போறாங்க."

துணைக்கு வந்திருந்த முத்துச்செல்வி, "தா இங்க" என்று மெய்ப்புக் கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் எதையும் முழுதாகப் படித்ததில்லை. காகிதக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, தன்னைத் தேடிப் பக்கங்களைத் தள்ளினாள். நான்காம் அத்தியாயத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நகரும் பெல்ட்டைப் பார்த்தால் தலை சுற்றி, முதல் மாதம் முழுக்கக் கழிப்பறையில் வாந்தி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து ‘சூப்பர்வைசர் ஆயிட்டேன்’ என்று சொன்ன பெண்ணின் கதை. விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். அடுத்த பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. வெகுநேரம் நகரவில்லை.

சந்தனமாரி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. முத்துச்செல்வி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அத்தியாயம் போய்விடும். அது போனால் மிச்சம் நிற்காது. இதை முன்பே காட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்பது முந்நூற்றுப் பத்து அம்பு ஒட்டியவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏட்டி, இது நாந்தான?"

"ம்."

"அப்பம் கலாங்கது ஆரு?"

"பேர மட்டும் மாத்தியிருக்கேன். ஒனக்குக் கல்யாணம் ஆவப்போவுதுல்லா."

முத்துச்செல்வி பேனாவை வாங்கினாள். ‘கலா’ என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, சம்பளப் பதிவேட்டில் எழுதுவதுபோல் அழுத்தி, ‘முத்துச்செல்வி’ என்று எழுதினாள். கீழே மூன்றாவது வரியில் இன்னொரு கலா. அதையும் அடித்தாள்.

"யம்மா, அத்த கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல மாத்திடலாம்" என்றார் முனிரத்தினம்.

"இருங்கண்ணே" என்று அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. சந்தனமாரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.