இந்தியில் கண் விழித்தவர்

காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போதுதான் தரை துடைத்து முடித்திருந்தேன். "பாத்துப் பிடிக்கக் கூடாதா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவர். எனக்கு வாய் நீளும்போதெல்லாம் இந்தியில் இரண்டு வார்த்தை எடுத்துவிட்டுச் சிரிப்பார். எனக்குப் புரியாது என்பதில் அவருக்கு ஒரு சுகம். "காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?" என்று சொல்லிக்கொண்டே துடைக்கத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு மாறினாலோ காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பக்கவாதத்தில் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். கோச்சடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். காளவாசல் சிக்னல் அன்றைக்கென்று நகரவே இல்லை. நல்லவேளை, ஊசிக்கு நேரம் இருந்தது.

மறுநாள் கண் விழித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாரு, தெரியுதா?" என்றேன். தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக, "பானி" என்றார். தண்ணீர். டாக்டர் இளவயதுப் பெண். அவருக்கே ஆச்சரியம்.

"ஐயா வடநாட்டுல இருந்தாரா?"

"பட்டாளத்துல இருந்தாரும்மா. ஆனா ஊரு நம்ம ஊருதான். இந்தியில பேசுறாரே, அது ஏன்?"

அஃபேசியா என்றார். மூளையில் பேச்சைக் கவனிக்கிற பகுதி அடிபட்டு வருகிற பேச்சிழப்பு. மற்றவர் சொல்வது பெரும்பாலும் புரியும், பதில் சொல்ல வார்த்தை கிடைக்காது. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் ஒன்று முதலில் திரும்பும், மற்றது தாமதமாகும், வராமலும் போகலாம். எது முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். கொஞ்ச நாள் காலக் குழப்பமும் (இது எந்த வருடம், எந்த இடம் என்று தடுமாறுவது) இருக்கும் என்றார்.

வராமலும் போகலாம் என்றதைக் கேட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். கல்யாணமாகிப் பல வருடம் இவர் வருடாந்திர லீவில்தான் வீட்டுக்காரர். பென்ஷனில் வந்த பிறகும் பேங்க் காவலுக்குப் போனார். எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே பழகிவிட்டோம். அந்தக் காவல் வேலையையும் விட்டுவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. அதற்குள் என்னோடு பேசுகிற தமிழைப் பிடுங்கிக்கொண்டு, பட்டாளத்து இந்தியை மட்டும் விட்டுவைத்தது எந்தச் சாமியின் வேலை என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானும் மகள் கவிதாவும் ஒரு முடிவெடுத்தோம். அவள் பழங்காநத்தத்திலிருந்து தினமும் வருவாள். இந்தியில் கேட்டால் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். "தண்ணின்னு சொல்லுங்கப்பா, தர்றேன்" என்று செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். அவர் உதட்டைக் குவிப்பார், நெற்றி வேர்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வாரத்தில் இந்தியும் நின்றுபோனது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எந்த வார்த்தை வருதோ அதுல பேச விடுங்க. வாய் அடைச்சுப் போச்சுன்னா எதுவுமே வராது. நீங்க தமிழ்லயே பேசுங்க, அவரு எதுல வேணா சொல்லட்டும்" என்றார்.

ஆக, இந்த வயதில் நான் இந்தி படித்தேன். சாய் என்றால் டீ. தர்த் என்றால் வலி. பஸ் என்றால் போதும். பள்ளிக்கூடச் சத்துணவில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள், போதும் என்கிற வார்த்தை தெரியாமல் அவருக்கு மூன்றாவது இட்லியை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரும் பஸ், பஸ் என்று கத்தியபடியே தின்றிருக்கிறார்.

சலிப்பு என்பதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். தூக்கி உட்கார வைத்து, துடைத்து, நடத்தி, என் இடது தோள் இறங்கிவிட்டது. சில நாள் இவர் மேலேயே எரிச்சல் வரும். உடம்பு நல்லா இருந்த காலத்தை அங்கே கொடுத்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் கொண்டுவந்து போட்டாரே என்று இருக்கும். பிறகு அவர் வாயோரம் வழிவதைத் துடைக்கும்போது அழுகை வரும். இரண்டும் ஒரே மனசுக்குள்தான் இருக்கிறது.

திருப்பரங்குன்றத்திலிருந்து சேது அண்ணன் வருவார். இவரோடு ஒரே யூனிட்டில் இருந்தவர், ஒன்றாகவே லீவுக்கு வந்து ஒன்றாகவே ரயிலேறியவர். அவரைக் கண்டால் இவர் முகம் மலரும். இரண்டு பேரும் இந்தியில் பேசிச் சிரிப்பார்கள். நான் என் வீட்டில் காபித் தட்டோடு விருந்தாளி மாதிரி நிற்பேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மெல்ல மெல்லத் தமிழும் துண்டு துண்டாக வந்தது. "சோறு" வந்தது, "கவிதா" வந்தது. ஆனால் சாயங்காலமானால் குழம்பிவிடுவார். ஒருநாள் பரணுக்குக் கீழே நின்று, இடது கையால் பழைய டிரங்குப் பெட்டியைக் காட்டிக் காட்டி இறக்கச் சொன்னார். இறக்கினேன். பனியன், துண்டு, சோப்பு டப்பா என்று ஒற்றைக் கையால் எடுத்து வைத்தார். "சுட்டி கத்தம்" என்றார். இந்த வார்த்தை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லீவு முடிந்தது. கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டது.

அந்த நேரம் சேது அண்ணன் வந்தார். இவர் அவரிடம் நிறுத்தி நிறுத்தி ஏதோ கேட்டார். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"அது ஒண்ணுமில்ல தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே. எனக்குத் தெரியணும்."

"நான் கிளம்பிட்டா இவ ஒத்தையில என்ன பண்ணுவாங்கிறாரு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இது புதுசு இல்ல. ஒவ்வொரு லீவு முடிஞ்சும் ரயில்ல இதைத்தான் கேப்பாரு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, சாப்பிடாம வருவாரு. உன்கிட்ட சொன்னதே இல்லையா?"

சொன்னதே இல்லை. ஸ்டேஷனில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். கல் மனசு என்று என் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அம்புட்டு வருடமும் எனக்கான பேச்சை அவர் ரயிலில் வேறொருவரிடம் பேசியிருக்கிறார். இப்போது மிஞ்சியிருப்பது அந்தப் பேச்சுதான்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "போக வேணாம். இங்கயே இருங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவர் சோப்பு டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார்.

இது அன்றோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் காலையில் அவருக்கு அது நினைவில் இல்லை. முன்பெல்லாம் எனக்கு வருடம் என்பது லீவு வருவதும் போவதும்தான். இப்போது வருடமெல்லாம் ஒரே நாளுக்குள் வந்து அடைந்துகொண்டது. காலையில் வந்து சேருகிறார், சாயங்காலம் கிளம்புகிறார். தோள் வலிக்க வலிக்கப் பெட்டியை இறக்கி, திரும்ப ஏற்றுகிறேன். அந்தக் காலத்தில் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, சொன்னாலும் அவருக்கு இருக்க வழியில்லை. இப்போது தினமும் சொல்கிறேன். தினமும் இருந்துவிடுகிறார்.