லொறியில் வந்த மீன்

கிண்ணியாவில் றிஷானாவைப் பற்றிக் கேட்டால், அபாயா தைக்கிறவள் என்பார்கள். ஸுஹைரின் பெண்சாதி என்பதைப் பிறகுதான் சொல்வார்கள். ஸுஹைர் கூலர் லொறியில் தம்புள்ளைக்கு மீன் ஏற்றுகிறவன். கை நிறையச் சம்பாதித்தான். வீட்டுக்கு மட்டும் ஒரு சதம் வந்ததில்லை. முதலில் வியாபாரம் படுத்துவிட்டது என்றான். பிறகு அதைச் சொல்லக்கூட வீட்டுப் பக்கம் வருவது குறைந்துபோனது.

மீன் வியாபாரியின் பெண்சாதி காசு கொடுத்து மீன் வாங்கினால் ஊர் என்ன கதைக்கும்? அதற்குப் பயந்து றிஷானா பஸ் ஏறி, பாலம் கடந்து, திருகோணமலைச் சந்தையில் அறுக்குளா வாங்கி வருவாள். எல்லோரும் பார்க்க வாசலில் வைத்து வெட்டுவாள். பக்கத்து வீட்டில், அவள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் சித்தி பரீதா என்ற பெயருடையவளுக்கும் ஒரு துண்டு போகும்.

"அவர் லொறியில அனுப்பினவர், ராத்தா."

தைத்த காசு போதாமல் சீதன நகையும் அடகுக்குப் போனது. அதைப் பற்றி எவரிடமும் மூச்சு விடவில்லை. புருசனின் மானத்தைக் கட்டிக் காப்பதில் அப்படியொரு கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

போன வருசம் ஸுஹைர் தலாக் சொல்வதற்கு, முஸ்லிம் குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போனான். காதியார் றிஷானாவையும் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். தலாக்குக்குப் பிறகு அவள் காத்திருக்கும் இத்தாக் காலத்துக்கு அவன் செலவு கொடுத்தே ஆக வேண்டும். அவனுடைய வருமானத்தையும் அவள் வாழ்ந்த நிலையையும் பார்த்து அதைத் தீர்மானிப்பார்கள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் கொடுக்காமல் விட்ட செலவையும் அவள் கேட்கலாம். ஆனால் கொடுக்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும்.

அந்தப் பழைய செலவு கிடைத்தால்தான் ஏலம் போவதற்கு முன் நகையை மீட்கலாம். றிஷானா அடகு ரசீதை எடுத்து வைத்தாள்.

"நகை அடகு வைக்காத வீடு எங்க இருக்கு, காதியார்?" என்றான் ஸுஹைர்.

அவளுக்குச் சாட்சி யாருமில்லை. அவனுக்கு இருந்தது. சித்தி பரீதாவையே கூட்டி வந்திருந்தான். றிஷானா மேல் உயிரையே வைத்திருந்தாலும், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல ஏலாத மனுசி அவள்.

"ஓம், காதியார். அவர் மீன் அனுப்பிக்கொண்டுதான் இருந்தவர். றிஷானாதான் எனக்கும் கொண்டுவந்து தந்தவ."

அனுப்பியது தானில்லை என்று ஸுஹைருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வாய் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், பாவி.

காதியார் றிஷானாவைப் பார்த்தார். "இவங்க பொய் சொல்றாங்களா, மகள்?"

"இல்ல. இவங்களுக்குப் பொய் சொன்னது நான்."

"அண்டைக்குச் சொன்னது பொய், இண்டைக்குச் சொல்றது உண்மை எண்டு நான் எப்படி நம்புற?"

அவர் கடுமையாகக் கேட்கவில்லை. றிஷானா அடகு ரசீதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். இத்தாச் செலவை மட்டும் கொடுக்கும்படி தீர்ப்பானது.

வெளியே வந்ததும் சித்தி பரீதா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, புள்ள! நகைய அடகு வெச்சா எனக்கு மீன் தந்தாய்?"

"சொல்லியிருந்தா நீங்க அவரை மதிச்சிருக்க மாட்டீங்களே, ராத்தா."

அந்த நேரம் பார்த்து ஸுஹைர் படியிறங்கி வந்தான். சித்தி பரீதாவுக்கு மரியாதையாக ஸலாம் சொன்னான். அவள் பதில் ஸலாம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பாட்டுக்குப் போய்விட்டான். வெட்கம் தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டவள் றிஷானாதான்.