பெயர் போடாத பட்டியல்

அவளுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. யாரையாவது வேலையை விட்டு அனுப்பப் போகிறாள் என்றால் போனில், “ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்” என்பாள். போனவர் தன் மேசைக்குத் திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. அவள் நடந்து வந்தாலே வழியில் நாலு பேர் கணினிக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள்.

இந்தப் பயத்தைப் பார்த்து அவளுக்குப் பெரிய அதிகாரம் இருப்பதாக நினைத்தால் நம்மைப் போல ஏமாளி கிடையாது. மனிதவளத் துறைத் தலைவி என்று பேருதான் பெத்த பேரு. திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டம் நடக்கும்போது பதினெட்டு வருடமாகக் கதவுக்கு வெளியே சோபாவில்தான் இருந்தாள். உள்ளே எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டு, யாருக்குக் கடிதம் அடிக்க வேண்டும், யார் பிறந்தநாளுக்கு கேக் சொல்ல வேண்டும் என்பார்கள். கணக்குத் துறைத் தலைவர் அவள் முகத்துக்கு நேராகவே, “உங்க வேலை எல்லாம் மனசு சமாச்சாரம் மேடம். இங்க நம்பர்தான் பேசும்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்குள் சீழ் பிடித்துக் கிடந்தது.

ஆட்குறைப்பு வந்தபோது அந்த நம்பரையே எடுத்து அவர் மூஞ்சியில் விட்டெறிந்தாள். புதிய முறை ஒன்று எழுதிக் கொடுத்தாள். போன வருடம் இருபது நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தவர்கள் வெளியே. பட்டியலில் பெயரே இருக்காது, ஊழியர் எண் மட்டும். அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எந்த எண் யார் என்று தெரியும். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் மாற்றக் கூடாது.

“பேர் தெரிஞ்சா இரக்கம் வரும் சார்” என்றாள்.

எம்.டி. அசந்துபோனார். “இதைச் சுத்தமா முடிச்சுக் குடுங்க. அடுத்த திங்கட்கிழமையிலேருந்து நீங்க உள்ள உக்காருங்க.”

புதன்கிழமை கணக்குத் துறையிலிருந்து பட்டியல் வந்தது. இருபத்தொன்பது எண்கள். கையெழுத்துப் போட்டாள். பிறகு பெயர்களைத் திறந்தாள். பதினோராவது பெயர் அவள் தம்பி.

கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிறவன். போன வருடம் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, “எனக்கு மீட்டிங் இருக்குடா, நீ லீவு போட்டுக்கோ” என்று இவள்தான் அவனை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தாள். இருபத்தாறு நாள். ஊரார் தலையை எண்ணுகிற மும்முரத்தில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இந்த அம்மாள் தம்பி தலையில் போட்டாள்.

எம்.டி.யிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். போனை எடுத்தாள், வைத்தாள். சொன்னால் கணக்குத் துறைத் தலைவர் எப்படிச் சிரிப்பார் என்பது அவளுக்கு மனப்பாடம். அப்புறம் சோபாவிலேயே கிழடு தட்ட வேண்டியதுதான். மறுபடி போனை எடுத்துக் கிடங்குக்குப் போட்டாள்.

“ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ.”

தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். பட்டப்பெயரெல்லாம் மற்றவர்களுக்கு, அவனுக்கு அக்கா. “என்னக்கா, அம்மாவுக்கு மாத்திரை தீந்துடுச்சா?”

அவள் கடிதத்தை நகர்த்தினாள். படித்தான்.

“வெளையாடாதக்கா.”

அவள் பேனாவை நீட்டினாள். அவன் சிரிப்பு போய்விட்டது. “அந்த லீவு நீ போடச் சொன்னதுதானே?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்காக மாத்தினா மத்த இருபத்தெட்டு பேருக்கு என்ன பதில் சொல்றது?”

“ரெண்டு பசங்க படிக்கிறாங்கக்கா...”

“இங்க மேடம்னு சொல்லு.”

சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னாள். அவன் கையெழுத்துப் போட்டான், அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். “வரேன் மேடம்” என்று போய்விட்டான்.

திங்கட்கிழமை அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“இருபத்தொம்பது பேர், ஒரு சத்தம் இல்ல. பிரமாதம்” என்றார் எம்.டி.

“அதுல என் தம்பியும் ஒருத்தன் சார்.” பெருமையாகச் சொல்லத்தான் பார்த்தாள். குரல் உடைந்துவிட்டது.

கணக்குத் துறைத் தலைவர் நிஜமாகவே பதறினார். “அடப் பாவமே! முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்? உங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாங்க பேரோடதானே பாத்தோம். என் மச்சான், சாரோட டிரைவர் பொண்ணு, இன்னும் நாலு பேரை எடுத்துட்டுத்தான் அனுப்பினோம். உங்க தம்பின்னு தெரிஞ்சிருந்தா அவனையும் எடுத்திருப்போமே!”

அவள் எம்.டி. பக்கம் திரும்பினாள். “இப்ப எடுக்கலாமா சார்?”

“கையெழுத்துக்கு அப்புறம் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?” என்றார் எம்.டி. வருத்தமாக. “விடுங்க. கூட்டக் குறிப்பு எழுதுறவங்க இன்னைக்கு வரல, நீங்களே எழுதிக்குங்க. முதல் விஷயம், ஆட்குறைப்பு பாரபட்சம் இல்லாம முடிஞ்சது.”

எழுந்து கத்தலாம் போலிருந்தது. ‘பாரபட்சம்’ என்று எழுதினாள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.