மருந்து அளக்கும் மெஷின்

துவக்குச் சுடும் கிளப்புகளுக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே வெற்றுத் தோட்டாவில் வெடிமருந்து நிரப்பிக்கொள்வதற்கான சாமான்களை விற்பது என் தொழில். வாங்கிப் போகிறவரைச் சிரித்து வழியனுப்பும்போதே, இவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ என்று யோசிக்கவைக்கும் தொழில். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

மருந்துக் கடை

பிளாக்டவுனில் இப்படியொரு கடையில் நிற்கிறேன் என்று கோயிலில் சொல்ல என் மனைவிக்கு வாய் வரவில்லை. ஊரில் நடந்த சண்டையிலிருந்து தப்பி இந்த வெளிநாட்டுக்கு வந்த சனம் நாங்கள். துவக்குக் கடை என்றால் யாருக்குத்தான் முகம் கறுக்காது? வெடிமருந்தும் மருந்துதானே என்று அவள் 'மருந்துக் கடை' என்று சொல்லிவைத்தாள்.

அதன் பிறகு எங்கள் சனம் கூடியிருக்கும் கிரவீனில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் யாராவது என்னை மூலைக்குக் கூட்டிப்போய் முழங்கால் நோவைச் சொல்கிறார்கள். நானும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டிக் கேட்கிறேன். போன மாதம் வயதான ஒரு அம்மா கேக் தட்டோடு வந்து ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, பிரஷர் குளிசை உங்கட கடையில மலிவோ?"

எந்த மெஷின்?

எங்கள் கடைக்கு வரும் ஒரே தமிழர் குலசிங்கம் அங்கிள். காணி அளக்கும் சேவையராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிடத்து வெள்ளைக்காரர்களோடு கிளப்புக்குப் போகத் தொடங்கி, அவர்கள் எல்லாரும் விட்ட பிறகும் இவர் விடவில்லை. அவர் மனைவிக்கு, எங்கள் அன்ரிக்கு, மறதி நோய். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மகள் நச்சரிக்கிறாள். தன் உயிர் இருக்கும்வரை அனுப்பமாட்டேன் என்று இவர் நிற்கிறார். சனிக்கிழமை காலையில் மகள் வந்து தாயோடு இருப்பாள். அந்த ஒரு காலைதான் அங்கிளுக்குச் சொந்தம்.

கைத்தராசில் வெடிமருந்து நிறுத்துவந்தவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதால், தானே அளந்து தட்டில் கொட்டும் மெஷின் கேட்டு வந்தார். எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஒன்று வேகம், ஆனால் சிலவேளை ஒரு துகள் கூடுதலாகக் கொட்டிவிடும். ஒன்றைப் போனிலிருந்தே இயக்கலாம். இன்னொன்று ஆமை, ஆனால் அளவு பிசகாது. முதலாளி விலை கூடியதை விற்கும்படி எனக்குக் கண்ணால் காட்டினார். அங்கிள் ஆமையைத் தொட்டுப் பார்த்தார். "கெதியா முடிச்சுப்போட்டு நான் எங்க போறது தம்பி? இதையே தாரும்."

நில்லாத எண்

இந்த மெஷின்களுக்குள் இருக்கும் தராசுக்குக் காற்று ஆகாது. ஃபேன், ஏசி, திறந்த கதவு, எது இருந்தாலும் எடை காட்டும் எண் நிற்காமல் ஆடும். மெஷின் பழுது என்று வருகிறவர்களிடம் முதலில் காற்றைப் பற்றித்தான் கேட்பேன். அநேகமாக அதுதான் காரணமாக இருக்கும்.

அங்கிளும் கடைக்குப் போன் எடுத்தார், எண் நிற்கவில்லை என்று. கராஜில் வைத்திருக்கிறாராம், ஃபேன் இல்லையாம், கதவும் பூட்டாம். வேறென்ன ஓடுகிறது என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அன்ரியைத் தனியே விட முடியாததால் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தார். அன்ரியின் காலடியில், குளிருக்குச் சூடான காற்றை ஊதும் ஹீற்றர். அதை நிறுத்திப் பாருங்கள் என்றேன். "நிப்பாட்டினா எண் நிக்குது தம்பி. ஆனா அவ நடுங்கிறா."

யாருக்கு மருந்து?

காற்று ஊதாத ஹீற்றர் ஒன்று வாங்கச் சொன்னேன். வாங்கினார். அன்ரி கதிரையில் அசையும்போது மட்டும் எண் லேசாக ஆடுகிறது, அது பரவாயில்லை என்றார். ஒரு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. நானும் கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, ஆட்கள் போகும்வரை மூலையில் நின்றுவிட்டு, நடந்ததைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கராஜுக்குப் போகும்போது, 'வாரும், மருந்து அளப்பம்' என்று அன்ரியைக் கூப்பிடுவது அவர் பழக்கம். அன்றும் அப்படித்தான். மெஷின் அளந்து முடித்து மணியடித்தது. இவர் வெற்றுத் தோட்டாவை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அன்ரி தட்டை எடுத்து வாயில் கவிழ்க்கப் போய்விட்டார். உதட்டில் பட்டதோடு இவர் பறித்துவிட்டார். அந்த மெஷினை விற்றவன் நான்தானே. அங்கிள் கவுண்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "'எனக்கெண்டுதானே அளந்தனீங்கள், ஏன் பறிக்கிறியள்?' எண்டு கேட்டவ."

திருப்பிக் கொடுத்தல்

மகளிடம் ஒளிக்கலாம் என்று நினைத்தாராம். மனம் கேட்கவில்லை, சொல்லிவிட்டார். அதற்கு மேல் மகளோடு வாதாட அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்ரி இப்போது இல்லத்தில். பின்னேரங்களில் போய்த் தன் கையால் அவர் வாயில் சோறு தீத்திவிட்டு வருகிறார்.

போன கிழமை மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்தார், தூசி துடைத்து, வயர் சுற்றி. பாவித்த சாமானை நாங்கள் திருப்பி எடுப்பதில்லை, ஆனால் முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இனி நேரம் இருக்குத்தானே, வைத்துப் பாவிக்கலாமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அங்கிள் கோபிக்கவில்லை.

"இப்ப எண் ஆடாமல் அப்பிடியே நிக்குது தம்பி. அதைத்தான் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் கிடக்கு."

எங்கள் கடையில் விற்கும் எல்லா மெஷினுக்கும் உத்தரவாதம் உண்டு; அது போய்ச் சேரும் வீட்டுக்குத்தான் இல்லை.