டம்ளரை வைத்து அமுக்குங்கள்

கதவிலேயே தண்ணீரும் ஐஸும் கொட்டும் ஃபிரிட்ஜை வாங்கியவர்களுக்கு, டம்ளரை எங்கே வைத்து எப்படி அமுக்குவது என்று காட்டுவதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். பெல் அடித்துவிட்டு வாசலில் நிற்கும் வேலையில் இருப்பவர்களுக்கு என் கஷ்டம் தெரியும். திருப்பத்தூரிலிருந்து பெங்களூரு வந்து சேர்ந்த எனக்கு முதல் மூன்று மாதம் டிரையல். டெமோ முடிந்ததும் ஆபீஸிலிருந்து வீட்டுக்காரர்களுக்கு போன் போகும். அவர்கள் நல்லபடியாகச் சொன்னால்தான் வேலை நிலைக்கும். ஆனாலும் டம்ளரில் ஐஸ் கடகடவென்று விழும்போது அவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம் தாங்காது!

கொட்டக் கூடாத தண்ணீர்

புது ஃபில்டரில் கரித்தூள் இருக்கும். அதனால் முதலில் வரும் ஏழெட்டு பாட்டில் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும். இதை ஒக்கலிபுரத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் போய்ச் சொன்னேன் பாருங்கள், என் தைரியத்தை என்னவென்பது! அந்த வீட்டு அக்கா பாத்திரங்களைத் தேடிப் போனார். பக்கெட், அண்டா, குக்கர் எல்லாம் வரிசையாக வந்தன. நான் பிடித்துப் பிடித்து ஊற்ற, அவர் துணி ஊறவைத்தார், வீடு துடைத்தார், செடிகளுக்கு விட்டார். கை வலி தாங்காமல் நிறுத்தினேன். "இன்னும் கொஞ்சம் புடிம்மா, ஸ்கூட்டர் கழுவறது பாக்கி கீது" என்றார்.

பொட்டு

ஆனேக்கலில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் போவதற்குள் பூஜை முடிந்து ஃபிரிட்ஜ் மாலையும் சந்தனமுமாக நின்றது. பொட்டு வைத்த இடம், சரியாக டச் பட்டன் மேல். ஈரச் சந்தனம் பட்டதில் அது தானாக லாக் ஆகிறது, திறக்கிறது, கீ கீ என்று கத்துகிறது. துடைக்கலாமா என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை அதுவுமா பொட்டை அழிக்கறதா?" என்று அந்த வீட்டம்மாவின் முகம் மாறிவிட்டது. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். சட்டென்று ஒரு யோசனை. ஸ்டூலில் ஏறி, கதவின் உச்சியில் புதுப் பொட்டு ஒன்றை வைத்தேன். பிறகுதான் கீழே இருந்ததைத் துடைத்தேன். சத்தம் நின்றது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் கணவர், "ஃபிரிட்ஜுக்கு நெத்தி எங்கன்னு இன்னைக்குத்தாம்மா தெரிஞ்சுது" என்றார்.

ஐஸ் பார்க்க வந்தவர்கள்

டிரையலின் கடைசி நாள், பிரேசர் டவுன். ஃபிரிட்ஜ் வாங்கிய ஸ்டெல்லா ஆன்ட்டி, சர்ச்சில் தன்னோடு பாடும் பெண்கள் பத்துப் பேரை ஐஸ் பார்க்க அழைத்திருந்தார். கையில் எலுமிச்சை ஜூஸோடு எல்லாரும் ஃபிரிட்ஜ் முன்னால் வரிசை கட்டியிருந்தார்கள். அன்று காலைதான் வந்து இறங்கிய ஃபிரிட்ஜில் ஐஸ் உறைய ஒரு நாள் ஆகும் என்று நான் சொன்னதும் ஆன்ட்டியின் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரையும் கூப்ட்டுட்டேனேம்மா" என்றார் மெதுவாக. எனக்கு மனசு கேட்கவில்லை. கடை ஐஸைப் போடக் கூடாது என்பது கம்பெனி விதி. இருந்தும் முனையிலிருந்த ஜூஸ் கடைக்கு ஓடி, ஒரு பை ஐஸ் வாங்கிவந்து உள்ளே இருக்கும் பெட்டியில் கொட்டினேன். "இப்ப அமுக்குங்க ஆன்ட்டி!" கடகடகட! ஒரே கைதட்டல், கூச்சல். ஜூஸைக் குடித்துவிட்டு இரண்டு பேர் மறுபடி வரிசையில் நின்றார்கள். நானும் குதித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன். ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டார். "ஐஸ் நல்லா வருதா மேடம்?" என்றது குரல். ஆன்ட்டியைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. சொல்லவும் இல்லை. "ஐஸ் நாளைக்குத்தான் வருமாம் சார். இன்னைக்கு வெயில்ல ஓடிப்போய் வாங்கிட்டு வந்தது இந்தப் பொண்ணு. மார்க்கை ஃபிரிட்ஜுக்குப் போடாதீங்க, இவளுக்குப் போடுங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் நிரந்தரம். ஃபிரிட்ஜுக்குத்தான் ஒரு வருட வாரண்டி.