கொழுப்பு அளக்கும் மெஷின்

எங்கள் வீட்டில் கொழுப்பு என்ற சொல் என் வாயைப் பற்றியது. எதிர்த்துப் பேசினால், "கொழுப்பு ஏறிப்போச்சுடி ஒனக்கு" என்பாள் அம்மா. ஏழாம் வகுப்பில் நான் நல்ல குண்டு. பேச்சும் ஜாஸ்தி.

அந்த ஆண்டு சங்கராபுரத்தில் எங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. மைதானத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே, ஒலிக்கும் சத்தத்துக்கு ஏற்றபடி ஓடச் சொன்னார்கள். சத்தம் வேகமாகிக்கொண்டே போனது. ஓட முடியாமல் முதல் ஆளாக நின்றுவிட்டது நான்தான். அம்மா மிரண்டுபோனாள். என்னைப் போலவே பருமனான சித்தப்பா, கரும்பு வெட்டும்போது மாரடைப்பில் விழுந்து இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

டாக்டர் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொன்னார். அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், இவளிடம் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மெஷின் காட்டிவிடும். அதற்குள் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் உடனே கூட்டி வாருங்கள். முதல் விஷயம் என் மனதில் நின்றது, இரண்டாவது அம்மா மனதில்.

நான் பேசியதெல்லாம் மெஷினில் தெரிந்துவிடும் என்று பயம் பிடித்துக்கொண்டது. அன்றே வாயை மூடினேன், பேசுவதற்கு மட்டும். சோற்றுக்கு வழக்கம்போலத் திறந்தேன்.

அண்ணன் ரிமோட்டைப் பிடுங்கினான். சும்மா இருந்தேன். "எம்மா, இவ சண்டைக்கே வர்ல" என்று அவனே போய்ச் சொன்னான். அம்மா ஓடிவந்து என் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"இன்னா பண்ணுது? சொல்லு கண்ணு."

அம்மா கண்ணு என்று கூப்பிட்டது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பாவின் வண்டியில் அப்பா, அம்மா இருவருக்கும் நடுவே நெருக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். முதலில் இ.சி.ஜி. பிறகு வெறுங்காலோடு அந்த மெஷின் மேல். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். கொழுப்பு அதிகம், ஓடும் தெம்பு குறைவு, இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார்.

"ஏம்மா பேசவே மாட்டேங்குற?"

"பேசினா கொழுப்பு ஜாஸ்தியாயிடும் டாக்டர்."

டாக்டர் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். "இந்தக் கொழுப்புதாங்க இவளுக்கு" என்ற அம்மா என் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

தினமும் சாயங்காலம் வேகமாக நடக்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம், பேசும்போது மூச்சு முட்டினால் மெதுவாக, என்று சொல்லி அனுப்பினார்.

மலைக்குப் போகும் சாலையில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே அம்மாவும் நானும் நடந்தோம். அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். டீச்சரைக் குறை சொன்னேன், அண்ணனைத் திட்டினேன், அம்மாவையே எதிர்த்துப் பேசினேன். ஒரு அதட்டல் இல்லை. சொல்லி முடித்ததையே, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று மறுபடி கேட்பாள். என் பேச்சு அவளுக்கு இவ்வளவு பிடிக்குமா என்று பெருமையாக இருந்தது. அம்மா என் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.